சுக்கானில் வரைந்த மீன்

ஜனவரி 28

இந்தக் கொப்பியை எனக்கு எழுத்துப் படிப்பிக்கும் கனகேஸ்வரி ரீச்சர் தந்தார். "ஒவ்வொரு நாளும் ஏதாவது எழுதுங்கோ ஐயா. மழை பெய்தது எண்டாவது எழுதுங்கோ" என்றார். இன்று மழை பெய்யவில்லை. அதையும் எழுதலாம்தானே.

என் பெயர் சவிரிமுத்து. வயது எழுபத்தொன்று. திருகோணமலையில் துரைசிங்கம் முதலாளியின் படகு திருத்தும் யாட்டில் நாற்பத்தாறு வருடமாகப் பெயின்ற் பூசுகிறேன். படகின் மேற்பகுதிக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பூசுவது தண்ணீருக்குள் கிடக்கும் அடிப்பகுதிக்கு. அங்கே பாசியும் ஒட்டுச் சிப்பியும் பிடிக்காமல் இருக்க ஒரு தனிப் பெயின்ற் உண்டு. அதில்தான் என் காலம் போனது.

இதை எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆறினால் என்ன! என் பெயர் தாளில் கிடக்கிறது. நான் எழுந்து போனாலும் அது அங்கேயே கிடக்கும்.

ஜனவரி 30

இன்று வாசித்தவை: சவர்க்கார உறை, தீப்பெட்டி, பஸ்ஸின் முகப்பு. இத்தனை வருடமும் பஸ்ஸை நிறத்தையும் நேரத்தையும் வைத்து ஏறினேன். இன்று "நிலாவெளி" என்று வாசித்துவிட்டு ஏறாமல் நின்றேன். நான் போகவேண்டியது அங்கே இல்லை. கொண்டக்டர் முறைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

என் மனைவி றெஜினாவுக்கு மட்டும் இதில் சந்தோசம் இல்லை. போன வருடம் நான் கோயில் மண்டபத்து வகுப்பில் சேர்ந்தபோதே, "எழுபது வயசில என்ன எழுத்து? இருக்கிற கண்ணையும் கெடுக்கப் போறீங்கள்" என்று மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். கடிதம் வந்தால் அவள்தான் வாசிப்பாள். நானும் வாசித்தால் தன் பெருமை குறையும் என்று நினைக்கிறாள் போலும்.

பெப்ரவரி 2

இன்று யாட்டில் ஒரு பாய்ப்படகைக் கரையேற்றினோம். பெயர் நெத்தலி. முழுவதும் அலுமினியம். மேலே பூச்சு எதுவும் இல்லாமல் உண்மையாகவே நெத்தலி போல மினுங்கியது. அடியில் மட்டும் ஒரு சாண் பாசித் தாடி வளர்த்திருந்தது.

சொந்தக்காரி வாகினி. வயது ஐம்பத்திரண்டு. ஏழு வயதில் இணுவிலில் இருந்து நோர்வே போனவள். தனியாகவே கடலோடுகிறாள்.

"ஐயா, உங்களைப் பற்றிக் காலித் துறைமுகத்திலயே சொன்னவை. நீங்கள் பூசினா சிப்பி கிட்ட வராதாம்."

"சிப்பிக்கு என்னைத் தெரியும் பிள்ளை" என்றேன்.

சிரித்தாள். பிறகு தரையில் குந்தியிருந்து கணக்காகச் சொன்னாள். இங்கிருந்து மாலைதீவு, அதற்குப் பிறகு சாகோஸ் தீவுகள், பிறகு தான்சானியா. போகிற வழியில் படகைத் தூக்கிக் கரையில் வைக்க இடம் கிடையாது. இரண்டு வருடம் நிற்கிற பூச்சு வேண்டும். தாய்லாந்தில் வாங்கி வந்த பெயின்ற் வாளிகள் வெயிலில் இறுகிப்போய்விட்டன. மார்ச் முதல் கிழமைக்குள் வெளிக்கிட வேண்டும். பிறகு காற்று எதிராகத் திரும்பிவிடும்.

"சூட்டுக் கடல் ஐயா. மூண்டு கிழமை நங்கூரம் போட்டு நிண்டா முளைச்சிடும். என்ன பூசலாம்?"

"சிவப்பு" என்றேன். "ரெண்டு பூச்சு. தண்ணிக் கோட்டிலயும் சுக்கான் விளிம்பிலயும் மூண்டு. அங்கைதான் முதல்ல பிடிக்கும்."

எங்கள் யாட்டுச் சிவப்பு பெரிய பீப்பாயில் வரும். அதிலிருந்து பழைய வாளிகளில் ஊற்றித் தருவார்கள். வாளியில் எழுத்து இருக்காது.

"இதில செம்பு இருக்கோ? அலுமினியத்துக்குச் செம்பு ஆகாது எண்டுறவை."

"இல்லை பிள்ளை."

அப்படித்தான் சொன்னேன். யார் எதைக் கேட்டாலும் என் வாயில் பதில் இருக்கும். நாற்பத்தாறு வருடம் வேலை செய்தவனிடம் பதில் இல்லாமல் போகுமா?

அவளுக்கு வேண்டிய சாமான் சீட்டை நான் தமிழில் எழுதிக் கொடுத்தபோது என்னிடம் திருப்பித் தந்தாள். "தமிழ் கதைப்பன் ஐயா. வாசிக்கத் தெரியாது."

எவ்வளவு லேசாகச் சொன்னாள். சந்தையில் நின்று புளி முடிந்துவிட்டது என்று சொல்வது போல.

பெப்ரவரி 5

சுரண்டி முடிந்தது. கை வலி. மூன்று வரிக்கு மேல் எழுத முடியாது. ஆனால் எழுதினேன்.

பெப்ரவரி 7

அடிப்பூச்சு காய்ந்தது. இன்று முதல் சிவப்பு.

எங்கள் யாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பூச்சு முடிந்ததும் பூசியவன் சுக்கானில் வெண்கட்டியால் எழுத வேண்டும்: என்ன பெயின்ற், எத்தனையாவது பூச்சு, யார் பூசியது. கடலில் இறக்கியதும் அழிந்துவிடும். ஆனால் அதற்கு முன் ஸ்டோர்க்காரர் வந்து பார்த்துத் தன் பேரேட்டில் பதிந்துகொள்வார்.

நான் எழுதுவதில்லை. மீன் வரைவேன். ஒரு பூச்சுக்கு ஒரு மீன். ஆட்கள் அதை என் முத்திரை என்று நினைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர்கள் மீனோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வாகினியும் எடுத்தாள்.

இப்போது எழுதத் தெரியும். இருந்தாலும் இன்றும் மீன்தான் வரைந்தேன். கை தானாகப் போனது.

பெப்ரவரி 9

இரண்டாவது சிவப்பு. இரண்டு மீன். பதினைந்தாம் திகதி இறக்குவதாக முதலாளி சொன்னார்.

பெப்ரவரி 10

கிணற்றடியில் றெஜினாவின் கற்பூரவள்ளி ஒரு பழைய பெயின்ற் வாளியில் நிற்கிறது. ஒன்பது வருடமாகச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. வீட்டில் வாசிக்க எதுவும் மிச்சம் இல்லாததால் இன்று அதைத் திருப்பினேன். வெளியே தெரிந்த பக்கம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. சுவர்ப் பக்கம் புதிதுபோல இருந்தது. மூன்று மொழியில் எழுத்து. தமிழும் இருந்தது! எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. நான் கையில் எடுத்த வாளி, என்னோடு கதைக்கப் போகிறது.

ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தேன்.

"செம்பு கலந்தது. அலுமினியப் படகுகளுக்குப் பூச வேண்டாம்."

திரும்ப வாசித்தேன். "வேண்டாம்" என்ற சொல்லில் நான் பிழை விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு எழுத்தையும் கொப்பியில் பார்த்து எழுதினேன். பிழை இல்லை.

வாளியின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த துளி அதே சிவப்பு; அந்த நாளில் அது வாளியில்தான் வந்தது. வாளியில் இருக்கிற நங்கூரப் படம்தான் யாட்டுப் பீப்பாயிலும் இருக்கிறது.

வாளியைத் திரும்பச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

பெப்ரவரி 11

வெயில். சந்தையில் பாரை மீன் வாங்கினேன். முற்றம் கூட்டினேன்.

பெப்ரவரி 12

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஒல்லாந்துத் தம்பதியின் படகு வந்தது. அதுவும் அலுமினியம். அதற்கு நான் சிவப்புப் பூசினேன். எனக்குத் தெரியாமல் நடந்தது. ஸ்டோரில் தந்ததைப் பூசினேன். நான்கு மாதத்தில் மாலைதீவுக்குப் பக்கத்தில் அந்தப் படகின் அடி ஊசி குத்தியது போல ஓட்டையாகித் தண்ணீர் ஏறியது. ஆட்கள் தப்பினார்கள். படகு தப்பவில்லை. பெயின்ற்தான் காரணம் என்று முதலாளிக்கு அவர்களின் கடிதம் வந்தது. அப்போது ஸ்டோர்க்காரனாக இருந்த மடுத்தீனை முதலாளி வேலையால் நிறுத்தினார். நல்ல பெயின்றை வெளியில் விற்றுவிட்டு மலிவானதைக் கொடுத்தான் என்று சொன்னார்கள்.

எனக்குத் தெரியாமல் நடந்தது.

பெப்ரவரி 13

றெஜினா கற்பூரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றியபோது சொன்னேன்: "வாளியை இஞ்சால் பக்கம் திருப்பி வையன். செடிக்கு வெயில் படட்டும்."

"அது சுவர்ப் பக்கமே கிடக்கட்டும்."

"ஏன்?"

அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பார்த்தாள். வாசிக்கும்போது துரு ஒட்டி மூன்று நாளாகப் போகாத விரல்.

"வாசிச்சிட்டீங்களோ?"

விரலை மடக்கிக்கொண்டேன்.

"அதுக்குத்தான் வகுப்புக்குப் போக வேண்டாம் எண்டு சொன்னனான்" என்றாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒல்லாந்துப் படகு முடிந்ததும் நான் அந்த வெறும் வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அவள் வாசித்திருக்கிறாள். கடிதம் வந்து மடுத்தீன் வேலை இழந்த அன்று வாளியைத் திருப்பி வைத்திருக்கிறாள்.

"சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சொல்லச் சொல்லுறீங்கள்? நீங்கள்தான் ஊரெல்லாம் பாக்கப் பேப்பரை வாசிக்கிற மாதிரி விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு இருந்தீங்கள். வாளியைப் பற்றிச் சொன்னா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாது எண்டதையும் சேர்த்தெல்லோ சொல்லோணும்."

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடம். வகுப்பில் சேரும்வரை, எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நானும் அவளும் ஒருநாளும் வாய்விட்டுக் கதைத்ததில்லை என்பது இன்றுதான் தெரிந்தது. பாரைக் குழம்பு மிச்சம் இருந்தது. இருவரும் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 14

பன்னிரண்டாம் திகதி எழுதியது சரியில்லை. அழிக்க மாட்டேன். சரியானதைக் கீழே எழுதுகிறேன்.

ஸ்டோரில் தந்ததை நான் பூசவில்லை. மடுத்தீன் சரியான வாளிகளைத்தான் தந்தான். அவை வெள்ளை. மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "வாசிச்சனியோ சவிரி?" என்று கேட்டான். "வாசிச்சன்" என்றேன். அந்த வெள்ளை தண்ணீர் போல இருந்தது. பக்கத்தில் மீன்பிடிப் படகுக்கு வந்த சிவப்பு நின்றது. கனமான நல்ல சிவப்பு. ஒல்லாந்துக்காரர்கள் நல்ல மனுசர், அவர்களுக்கு நல்லதைப் பூசுவோம் என்று நானே மாற்றினேன். வெள்ளையை மீன்பிடிப் படகுக்குப் பூசினேன். சுக்கானில் என்ன பெயின்ற் என்று எழுதியிருந்தால் மடுத்தீன் அன்றே கண்டுபிடித்திருப்பான். நான் மீன் வரைந்தேன்.

முதலாளி கேட்டபோது, "ஸ்டோர்ல தந்ததைத்தான் பூசினன்" என்றேன். மடுத்தீன் அங்கேதான் நின்றான். என்னைப் பார்த்தான். நான் படகைத் தாங்கிய முட்டுக்கட்டையைப் பார்த்தேன். அந்த வாளிதான் மலிவுச் சாமான் என்று நானும் நம்பிக்கொண்டேன்; சிவப்பே அலுமினியத்துக்கு ஆகாது என்பது வாளியை வாசித்த பிறகுதான் தெரியும்.

அவன் இப்போது யாட்டுச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறான். ஒன்பது வருடமாக நான் சுற்றிப்போய் வேறு கடையில் குடிக்கிறேன்.

நாளை நெத்தலியை இறக்குகிறார்கள்.

பெப்ரவரி 14, பின்னேரம்

ஒரே நாளில் இரண்டு தரம் எழுதுகிறேன்.

யாட்டுக்குப் போனேன். வாகினி ஏணியில் நின்று பாய்க்கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு பிஸ்கட் பெட்டியை நீட்டினாள். "ரெண்டு மீனையும் அம்மாவுக்கு அனுப்பினன் ஐயா. சட்டம் போட்டு மாட்டப் போறாவாம்."

"பிள்ளை, இறங்கு."

இறங்கினாள்.

"அந்தச் சிவப்பில செம்பு கிடக்கு. நாளைக்கு இறக்க வேண்டாம்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் மாறியது. "இல்லை எண்டு சொன்னீங்களே?"

"தெரியாமச் சொன்னனான்."

"தெரியாட்டி ஏன் சொன்னீங்கள்?"

வாசிக்கத் தெரியாமல் இருந்ததைச் சொன்னேன். ஒல்லாந்துப் படகைச் சொன்னேன். மீன் ஏன் வரைகிறேன் என்பதையும் சொன்னேன். அவள் பிஸ்கட் பெட்டியை மூடினாள்.

"ஆழ்கடலில நான் தனிய ஐயா. அடி ஓட்டையானா எனக்கு ஒருத்தரும் இல்லை. 'தெரியாது' எண்ட ஒரு சொல்லு. அதுதானே நான் கேட்டது. நான் வேற வழி பாத்திருப்பனே."

கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு படகின் மற்றப் பக்கம் போய்விட்டாள். அங்கே நின்று சுக்கானில் இருந்த மீன்களைக் கையால் அழித்ததைக் கண்டேன்.

பெப்ரவரி 16

முதலாளி கத்தினார். கத்த வேண்டியதுதான். சிவப்பு முழுவதையும் எடுத்தாக வேண்டும். தண்ணீர் படாததால் அலுமினியத்துக்கு இன்னும் கேடு இல்லை. செம்பில்லாத பெயின்ற் கொழும்பில் இருந்து லொறியில் வரும்.

வேறு ஆளைப் போடுவதாக முதலாளி சொன்னார். வாகினி, "அவரே எடுக்கட்டும்" என்றாள். மன்னித்துச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பெப்ரவரி 17

தண்ணீர் ஊற்றி ஊற்றி அரத்தாளால் தேய்க்க வேண்டும். காய்ந்தபடி தேய்த்தால் தூசு நெஞ்சுக்குள் போகும். காலடியில் முழுவதும் சிவப்புத் தண்ணீர்.

பெப்ரவரி 18

தேய்த்தேன்.

பெப்ரவரி 19

தேய்த்தேன். வாகினி மற்றப் பக்கத்தில் தேய்த்தாள். கதைக்கவில்லை.

பெப்ரவரி 20

இன்றும். சிவப்பு ஒரு பொட்டும் விடக்கூடாது. அவள் விளக்குப் பிடித்துத் தேடுகிறாள். நான் "முடிஞ்சுது" என்று சொன்ன இடங்களையும் தேடுகிறாள்.

பெப்ரவரி 22

கற்பூரவள்ளியை வேறு சட்டிக்கு மாற்றித் தரும்படி றெஜினாவிடம் கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வேரோடு எடுத்து, வாளியைக் கழுவித் துடைத்துத் தந்தாள். "நானும் வரட்டே?" என்றாள். வேண்டாம் என்றேன். வந்தாள்.

மடுத்தீனின் கடையில் யாட்டு ஆட்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவன், "என்ன சவிரி அண்ணை, வழி தவறிட்டுதோ?" என்றான். மடுத்தீன் தேத்தண்ணி இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"மடுத்தீன், நீ தந்தது சரியான வாளி. மாத்தினது நான்" என்றேன்.

அவன் கோப்பையை வைத்தான்.

"இதை என்னட்டை ஏன் சொல்லுறாய்? எனக்குத் தெரியாததோ? முதலாளிக்குச் சொல்லு."

"சொல்லுவன்."

"எப்ப? அடுத்த ஒன்பது வருசத்திலையோ?" அடுப்பை அணைத்தான். "வா இப்ப."

எல்லாரும் பின்னால் வந்தார்கள். முதலாளி கந்தோர் வாசலுக்கு வந்தார். வாகினியும் அரத்தாளோடு வந்து நின்றாள். நான் சொன்னேன். வாளி என் கையில் இருந்தது. முதலாளி, "இந்த வாளிதான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னவோ தொடங்கினார். மடுத்தீன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"இப்ப வாசிப்பாயாமே. வாசி."

நான் வாளியைத் திருப்பினேன். கோயில் மண்டபத்தில் ரீச்சர் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் எவ்வளவு ஆசையாக எழுந்து நின்றிருக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் ஒருநாள் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

"செ... செம்பு. கலந்... கலந்தது."

"சத்தமா."

"அலுமி... அலுமினியப் படகு... களுக்குப் பூச வேண்டாம்."

"கீழ."

"பூசுமுன் நன்... நன்றாகக் கலக்கவும். சிறுவர்களுக்கு எட்... எட்டாத இடத்தில் வைக்கவும்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். றெஜினா முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

"முதலாவது வரியைத் திரும்ப வாசி" என்றான் மடுத்தீன். வாசித்தேன். இந்தத் தரம் தடக்காமல் வந்தது.

முதலாளி மடியில் இருந்த திறப்புக் கொத்தை எடுத்து நீட்டினார். "மடுத்தீன், ஸ்டோர் திறப்பு இனி உன்னட்டை இருக்கட்டும், திரும்ப வா" என்றார்.

"எனக்குத் திறப்பு வேண்டாம் முதலாளி. என்ரை மகளின்ரை கல்யாணப் பேச்சு ரெண்டு தரம் முறிஞ்சது. கள்ளன்ரை வீடு எண்டு சொன்னவை. அந்தச் சொல்லை எடுங்கோ."

முதலாளி எல்லாருக்கும் முன்னால், "மடுத்தீன் எடுக்கேல்லை" என்றார். அவ்வளவுதான். மூன்று சொல்கூட இல்லை. ஒன்பது வருடம் என்னிடம் இருந்த சொல்.

மடுத்தீன் திரும்பி நடந்தான். நான் பின்னால் போனேன். "கடைக்கு வராதே. இன்னும் கொஞ்ச நாளைக்கு உன்ரை முகத்தை என்னால பாக்க ஏலாது" என்றான். சரி என்றேன்.

பெப்ரவரி 27

கொழும்பு வாளிகள் வந்தன. ஒவ்வொன்றையும் வாசித்தேன். தமிழில் இல்லாத இடங்களை வாகினி இங்கிலிசில் வாசித்துச் சொன்னாள். பதின்மூன்று நாளில் அவள் என்னோடு கதைத்தது அதுதான்.

பிறகு கேட்டாள்: "இது ரெண்டு வருசம் நிக்குமோ?"

"தெரியாது பிள்ளை."

நிமிர்ந்து பார்த்தாள். நான் தெரிந்ததைச் சொன்னேன். "சிவப்பளவுக்கு நிக்காது. மூண்டு பூச்சுப் போடுவம், தண்ணிக் கோட்டில நாலு. ஓடிக்கொண்டிருந்தா நல்லது. ஒரு இடத்தில நிண்டா மாதத்துக்கு ஒருக்கா முங்கி, மெல்லிய துணியால துடை. சுரண்டாதே, பூச்சு போயிடும். நிழல் பக்கத்தை முதல்ல பார், அங்கைதான் பிடிக்கும்."

அவள் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒருவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. இரண்டையும் எழுத வேண்டும்.

மார்ச் 4

காற்று இன்னும் திரும்பவில்லை. நெத்தலியை இறக்கினோம்.

அதற்கு முன் முட்டுக்கட்டைகளை மாற்றி, அவை மறைத்திருந்த இடங்களுக்கும் பூசினேன். வெண்கட்டியை எடுத்துச் சுக்கானடியில் குந்தினேன். ஆட்கள் மீனைப் பார்க்க நின்றார்கள். எழுதினேன். நெடுநேரம் எடுத்தது.

செம்பு இல்லாதது. மூன்று பூச்சு. சவிரிமுத்து.

வாகினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். வாசித்துச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, நேரே வெறும் வாளிகள் கிடந்த இடத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் திருப்பி, இங்கிலிஸ் எழுத்தைத் தானே வாசித்துப் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை.

நான் பக்கத்தில் நின்று, அவள் பார்க்க வசதியாக அடுத்த வாளியைத் திருப்பிக் கொடுத்தேன்.